உழைப்பின் மாண்பும் ஓய்வின் உரிமையும்

(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பொன்விழாவையொட்டி நடைபெறும் இக்கருத்தரங்கில், "இன்றைய சமுதாயத்தில் உழைப்பு" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். விழாக் காலத்தில் உழைப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். தேர்ப்பவனியும் கூட்டுத் திருப்பலியும் அன்பு விருந்தும் நடைபெறும் வேளையில் வேலை, கூலி, ஓய்வு என்பன பொருந்தாத பேச்சாகத் தோன்றலாம். உண்மையில் யூபிலிக்கும் உழைப்புக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது.

யூபிலியின் பொருள்

பழைய ஏற்பாட்டில் லேவியர் நூலின் 25 ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஏழேழு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கழிந்து வரும் 50 ஆம் ஆண்டே யூபிலி ஆண்டு. அவ்வாண்டில் எக்காளம் ஊதப்படும். நிலத்தில் விதைப்பதில்லை, மண்ணும் ஓய்வு கொள்ளும். வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டு பிறர் வீட்டில் பாடுபட்டவன், தன் பிள்ளைகளோடு தன் குடும்பத்துக்குத் திரும்பிப் போவான். இழந்த காணி மீண்டும் அவன் கைக்கு வரும். ஆகவே யூபிலி என்பது முதன்முதலில் கொடியும் தோரணமும் அன்று. களைத்தவனுக்கு ஓய்வு, கட்டுண்டவனுக்கு விடுதலை.

இதே எண்ணத்தின் சிறிய வடிவமே ஏழாம் நாள் ஓய்வு. அக்கட்டளையை நாம் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். ஆனால் அது யார் யாரைக் குறிப்பிடுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. வீட்டுத் தலைவனை மட்டும் அது ஓய்ந்திருக்கச் சொல்லவில்லை. வேலைக்காரன், வேலைக்காரி, ஊரில் தங்கியிருக்கும் அந்நியன், எருது, கழுதை என எல்லாரையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொள்கிறது. எசமான் ஓய்வெடுக்க, வேலையாள் உழைத்துக்கொண்டிருந்தால் அது ஓய்வுநாள் ஆகாது என்பதே அதன் கருத்து.

இன்று நான் சொல்ல வந்ததும் இதுதான். ஒரு சமுதாயம் உழைப்பை எவ்வளவு மதிக்கிறது என்பதை, அது உழைப்பைப் பற்றிப் பாடும் புகழ்ப் பாடல்களைக் கொண்டு அளக்க முடியாது. உழைப்பவரை உட்காரவும், உண்ணவும், இளைப்பாறவும் விடுகிறதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

நம் பேச்சே நம்மைக் காட்டிக்கொடுக்கும்

தமிழில் உழைப்பைக் குறிக்கச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. உழைப்பு, தொழில், பணி, வேலை, உத்தியோகம், கூலி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் அவற்றை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து எழுதினால் உத்தியோகம். கடையில் நின்றால் வேலை. வெயிலில் குனிந்தால் கூலி. பெண் பார்க்கும் இடத்தில், "மாப்பிள்ளை என்ன செய்கிறார்?" என்ற கேள்விக்கு வரும் விடையைப் பொறுத்தே காப்பியின் சூடுகூட மாறுவதை நாம் கண்டிருக்கிறோம்.

இன்னொரு சொல்லும் உண்டு. "வீட்டுக்காரம்மா எங்கே வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்டால், "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்று தயங்காமல் சொல்கிறோம். இந்தச் 'சும்மா'வை நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019 இல் அளந்து பார்த்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள், அதாவது ஏறக்குறைய ஐந்து மணி நேரம், ஊதியமின்றி உழைக்கிறாள் என்று தெரிந்தது. அவ்வேலையில் ஈடுபடும் ஆணுக்கோ 97 நிமிடங்களே. அதிலும், நூற்றுக்கு 81 பெண்கள் அவ்வேலையைச் செய்ய, ஆண்களில் 26 பேரே அதில் கை வைத்தனர். ஐந்து மணி நேர உழைப்புக்கு நாம் கொடுத்திருக்கும் பெயர் 'சும்மா'!

தொழிலைப் பிறப்போடு கட்டிப்போட்ட வழக்கம் இதைவிடக் கொடியது. கையால் மலம் அள்ளுவதற்கு ஆள் அமர்த்துவதை 1993 ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்தது. 2013 இல் அதனினும் கடுமையான சட்டம் வந்தது. சாக்கடையில் இறங்கி இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டம் இரண்டு முறை வந்த பின்னும் இழப்பீட்டுத் தொகையை உயர்த்த வேண்டியிருந்தது என்றால், குற்றம் சட்டத்தில் மட்டும் இல்லை. 'அவர்கள் செய்யட்டும்' என்று சொல்லும் நம் மனத்திலும் இருக்கிறது.

தச்சுப் பட்டறையும் மடத்து மணியும்

பண்டைக் கிரேக்கத்தில் கைத்தொழில் செய்வது மேன்மக்களுக்கு இழுக்கு என்று கருதினார்கள். அறிஞர் அரிஸ்டாட்டிலே அவ்வாறுதான் எண்ணினார். அப்படிப்பட்ட உலகத்தில்தான் நாசரேத்தூர்ப் பட்டறையிலிருந்து ஒருவர் வந்தார். ஊரார் அவரைத் 'தச்சர்' என்றே அடையாளம் சொன்னார்கள். புனித சின்னப்பர் கொரிந்து நகரில் கூடாரம் செய்து பிழைத்துக்கொண்டே போதித்தார்.

6 ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில் செபத்துக்கும், வாசிப்புக்கும், கைவேலைக்கும் தனித்தனியே நேரம் வகுத்தார். அதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செபத்துக்கு அழைப்பு ஒலித்ததும் துறவி கையிலுள்ள வேலையை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டும். மடத்து மணி வேலையைத் தொடங்க மட்டும் அடிக்கவில்லை, நிறுத்தவும் அடித்தது.

பின்னர் வந்தது ஆலைச் சங்கு. அது ஊதினால் ஓடவேண்டும். நீராவி எந்திரத்துக்குக் களைப்பு கிடையாது. ஆகவே அதன் அருகில் நிற்பவனுக்கும் களைப்பு இருக்கக்கூடாது என்று ஆலை முதலாளிகள் முடிவு செய்தார்கள். இங்கிலாந்தில் பெண்களுக்கும் வளர் இளம் பருவத்தினருக்கும் பத்து மணி நேர வேலை என்று வரம்பு கட்டுவதற்கே 1847 வரை போராட வேண்டியிருந்தது. 1856 இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்துக் கொத்தனார்கள் கூலி குறையாமல் எட்டு மணி நேர வேலையைப் பெற்றார்கள். 1886 மே முதல் நாள் அமெரிக்காவின் சிக்காகோ முதலிய நகரங்களில் அதே கோரிக்கை எழுந்தது. 1919 இல் தோன்றிய அனைத்துலகத் தொழில் நிறுவனம் தன் முதல் உடன்படிக்கையிலேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று எழுதிவைத்தது.

திருச்சபை எங்கே நின்றது?

இந்தப் போராட்டங்களின்போது திருச்சபை எங்கே நின்றது என்று கேட்பது நியாயம். 1889 இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் மணிக்கு ஆறு பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, எண்பது வயது கடந்த கர்தினால் மானிங் நடுவராகச் சென்று பேசி முடித்துவைத்தார். 1891 மே 15 அன்று திருத்தந்தை 13 ஆம் சிங்கராயர், அதாவது லியோ, 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளிக்குக் குடும்பம் நடத்தப் போதிய கூலி, ஞாயிறு ஓய்வு, சங்கம் அமைக்கும் உரிமை, சிறுவரை ஆலைக்கு அனுப்பாமை ஆகியவற்றை அது வலியுறுத்தியது. 1955 இல் 12 ஆம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக்கினார்.

1981 செப்டம்பரில் 2 ஆம் அருளப்பர் சின்னப்பர் 'லபோரெம் எக்ஸெர்சென்ஸ்' என்னும் சுற்றுமடலை எழுதினார். 13 ஆம் சிங்கராயரின் மடலுக்கு 90 ஆண்டு நிறைவாக மே 15 அன்றே அதனை வெளியிட எண்ணியிருந்தார். அதற்கு இரண்டு நாள் முன்னர் துப்பாக்கியால் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்ததால் தாமதமாயிற்று. அவர் இளமையில் கல் உடைக்கும் குழியிலும், இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்தவர். உழைப்பின் மதிப்பு செய்யப்படும் வேலையின் தரத்தைப் பொறுத்தது அன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதைப் பொறுத்தது என்பதே அம்மடலின் சாரம். 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை தமக்கு 14 ஆம் லியோ என்று பெயர் சூட்டிக்கொண்டதற்கும் இதுவே காரணம். முன்னவர் ஆலைப் புரட்சியைச் சந்தித்ததுபோல, இக்காலம் செயற்கை நுண்ணறிவு என்னும் புரட்சியைச் சந்திக்கிறது என்று அவரே விளக்கினார்.

தூத்துக்குடி கேட்ட விடுமுறை

இவையெல்லாம் கடல் கடந்த செய்திகள் என்று நினைக்க வேண்டாம். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றனர். தொழிலாளர் கேட்டவை என்ன? கூலி உயர்வு, வார விடுமுறை, பிற விடுமுறை வசதிகள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆனால் அடுத்த சில நாட்களில் வ.உ.சி. கைதானார். ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று வாதாடியவர், கோவைச் சிறையில் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். ஓய்வு என்பது யாரோ போட்ட பிச்சை அன்று. அதற்கு விலை கொடுத்தவர்கள் நம் மண்ணிலும் உண்டு.

1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் முதல் குறைகளுள் ஒன்று, மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. அள்ளி விழுங்கிவிட்டு ஓட வேண்டியிருந்தது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தின விழாவைக் கொண்டாடினார். சுதந்திர இந்தியாவின் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்ற எல்லையையும் வார விடுமுறையையும் உறுதி செய்தது. நாள் வேலையை 12 மணி வரை நீட்ட இடம் தரும் ஒரு மசோதா 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்த நாள் 2023 மே 1. சிங்காரவேலரின் மே தினத்துக்குச் சரியாக நூறு ஆண்டு! பெற்ற உரிமையைக் காப்பதும் ஒரு வேலைதான் என்பதை அந்த நூற்றாண்டு நமக்கு நினைவூட்டுகிறது.

ஒரு முக்காலியின் கதை

இன்றைய நிலை என்ன? ஜவுளிக் கடைக்குப் போகிறோம். நூறு சேலைகளை விரித்துக் காட்டும் அந்தப் பெண், காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பதைக் கவனித்திருக்கிறோமா? வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது என்பது பல கடைகளில் எழுதாத சட்டம். கால் வீக்கமும் நரம்புச் சுருட்டலும் அவர்களுக்குக் கிடைக்கும் போனசு! கேரளத்தில் ஜவுளிக் கடைப் பெண்கள் இதற்காகப் போராடி, 2018 இல் சட்டத் திருத்தம் பெற்றார்கள். 2021 இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி தரவேண்டும் என்று விதித்தது. மனிதன் நிலவில் கால் வைத்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு, ஒரு பெண் முக்காலியில் உட்காரச் சட்டம் தேவைப்பட்டது!

வாசலில் உணவுப் பொட்டலத்தோடு வந்து நிற்கும் இளைஞரைப் பாருங்கள். அவருக்கு முதலாளி யார் என்று கேட்டால், கைப்பேசியைத்தான் காட்டுவார். சங்கு ஊதுவதில்லை, ஆகவே வேலை முடிவதுமில்லை. சென்னை மாநகராட்சி 2025 இல் அண்ணாநகரில் இவர்களுக்காகக் குளிரூட்டிய ஓய்வறை ஒன்றைத் திறந்தது. உட்கார ஓரிடம், குடிக்கத் தண்ணீர், கைப்பேசிக்கு மின்சாரம்: பெரிய காரியம் அன்று, ஆனால் மனிதரை மனிதராகக் கண்ட காரியம்.

படித்த இளைஞரின் நிலையும் வேறன்று. அலுவலகத்தை விட்டு வந்தாலும் அலுவலகம் சட்டைப் பையில் வந்துவிடுகிறது. அதிக வேலையால் நேரும் சாவுக்கு ஜப்பானியர் 'கரோஷி' என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள். அதைத் தடுக்க 2014 இல் சட்டமும் செய்தார்கள். வாரத்துக்கு 55 மணியும் அதற்கு மேலும் உழைத்ததன் விளைவாக 2016 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 7,45,000 பேர் மூளை அடைப்பாலும் இருதய நோயாலும் மாண்டனர் என்று உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழில் நிறுவனமும் 2021 இல் அறிவித்தன. கிரேக்கன் உழைப்பை இழிவென்று தள்ளினான். நாமோ ஓய்வைச் சோம்பல் என்று தள்ளுகிறோம். ஒரு பிழையை விட்டு மற்றொரு பிழைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

வேலையற்றிருப்பது ஓய்வு ஆகுமா?

ஒன்றை மறந்துவிடக்கூடாது. வேலை கிடைக்காதிருப்பது ஓய்வு அன்று. தூத்துக்குடி உப்பளத்தில் சூரியன் ஏறுமுன் பாத்தியில் இறங்கி உப்பு வாரி, தட்டுமேட்டில் குவிப்பவர்களுக்கு, ஐப்பசி முதல் மழைக்காலத்தில் வேலை இல்லை. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் கண்ணும், உப்பு நீரால் காலும் கெட்ட பின்னும், மழைக்காலத்தில் அடுப்பெரிக்க வழி தேட வேண்டும். அம்மாதங்களுக்காகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகையைத் தமிழக அரசு 2021 இல் அறிவித்தது. கட்டாய ஓய்வு பசியின் மறுபெயர் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

வேலை செய்யாதவன் உண்ணக்கூடாது என்று புனித சின்னப்பர் சொன்னதாகப் பலர் மேற்கோள் காட்டுவர். அவர் குறிப்பிட்டது உழைக்க மனமில்லாதவனை. வேலை கிடைக்காதவனை அன்று. திராட்சைத் தோட்ட உவமையில் மாலை ஐந்து மணிவரை சந்தைவெளியில் நின்றவர்களும் சோம்பேறிகள் அல்லர். அவர்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. தோட்டக்காரர் அவர்களுக்கும் முழு நாட்கூலி கொடுத்தார். ஏன்? மாலையில் வந்தவன் வீட்டிலும் பிள்ளைகளுக்கு முழு வயிறுதான் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

கிறிஸ்தவ இளம் தொழிலாளர் இயக்கத்தை 1925 இல் பெல்ஜியத்தில் நிறுவிய அருட்தந்தை கார்டைன் ஒரு வழியைக் கற்பித்தார்: முதலில் பார், பின்பு ஆராய்ந்து தீர்ப்பிடு, பின்பு செயல்படு. பார்த்தோம், ஆராய்ந்தோம், இனிச் செயல் வேண்டும். பெரிய திட்டங்கள் எதையும் நான் சொல்லப்போவதில்லை. நம் கைக்கு எட்டிய நான்கை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, நம் வீடுகளில் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் வருபவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் கூலியுடன் விடுமுறை கொடுப்போம். ஞாயிறு பூசைக்கு நாம் போய்வர, நம் வீட்டில் அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தால், அக்கட்டளையில் பாதியைத்தான் கடைப்பிடித்தவர்களாவோம்.

இரண்டாவது, நம் பங்கில் கடை வைத்திருப்பவர்கள் ஆய்வாளர் வரும்வரை காத்திராமல் ஆளுக்கொரு முக்காலி போட்டுக் கொடுக்கட்டும். அதனால் வியாபாரம் குறையாது.

மூன்றாவது, வீட்டு வேலையில் ஆண்பிள்ளைகளுக்கும் பங்கு கொடுப்போம். 'சும்மா இருக்கிறாள்' என்ற சொல்லை இப்பொன்விழாவோடு நம் வாயிலிருந்து எடுத்துவிடுவோம்.

நான்காவது, வேலையிழந்த குடும்பங்களைப் பற்றிப் பங்குப் பேரவை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருமுறையாவது விசாரிக்கட்டும். வேலை தேடித் தருவது நம்மால் இயலாமல் போகலாம். அவர்களைச் சோம்பேறிகள் என்று பேசாதிருப்பது நிச்சயம் இயலும்.

அன்பர்களே! பந்தல் போட்டவர்கள், விளக்குக் கட்டியவர்கள், மூன்று நாளாக அடுப்படியில் வேகின்றவர்கள், தேர் போன தெருவைப் பெருக்கியவர்கள் ஆகியோரின் உழைப்பில்தான் இவ்விழா நடைபெறுகிறது. நாளை நடக்கும் அன்பு விருந்தில் வழக்கம்போல அவர்கள் கடைசியில், எல்லாரும் எழுந்துபோன பின், ஓரமாக நின்று உண்ண வேண்டாம். முதல் பந்தியில் அவர்களை உட்காரவைத்து, விழாக் குழுவினர் பரிமாறட்டும். ஐம்பதாம் ஆண்டின் எக்காளம் நம் ஊரில் ஊதியது என்பதற்கு அந்தப் பந்தி சாட்சியாக இருக்கட்டும்.